கையில் ரெண்டு, மேஜையில் மூணு

"ஐயோ... அண்ணாச்சி!"

அலறியவன் அருண்பாண்டியன். கையிலிருந்த பார்சல் டீ தரையில் சிதறியது.

சீட்டு மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார் விசைத்தறி ஓனர் முத்துக்குமாரசாமி. பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் உடைந்த சோடா பாட்டில்.

எந்த ஆட்டத்திலும் அவர் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை!

மதிய வெயிலோடு உள்ளே நுழைந்தார் இன்ஸ்பெக்டர் மீனலோசினி.

"யாரெல்லாம் ஆடுனீங்க?"

"அண்ணாச்சி, நான், அருண்பாண்டியன்... மூணு பேரு மேடம்," முந்திக்கொண்டார் காசிராஜன், புளியங்குடி எலுமிச்சை வியாபாரி. "இந்தப் பய பாதியிலயே சீட்டைக் கவுத்திட்டு ஆட்டத்துல இருந்து விலகிட்டான். தோத்த ஆத்திரம்! டீ வாங்கப் போறேன்னு போக்குக் காட்டிட்டு அடிச்சிருக்கான். நான் அப்ப பாத்ரூம்ல இருந்தேன்."

"பொய் மேடம்! நான் டீக்கடையில..."

"வாய மூடுலே!"

அதட்டிக்கொண்டே கூட வந்த ஏட்டு விலங்கை எடுத்தார். அருண்பாண்டியன் கதவுப் பக்கம் பின்வாங்கினான். அடுத்த வாரம் அவனுக்குக் கல்யாணம். பத்திரிகையில் ஜெயில் விலாசம் போடவில்லை!

"என்ன ஆட்டம்?"

"சங்கரநாராயணர் ஆட்டம்!" என்றார் காசிராஜன்.

"என்னது?"

"நம்ம சாமி பாதி சிவன், பாதி பெருமாள்லா? அது மாதிரி, நடுவுல குவியுற பணத்துல பாதி பெரிய கைக்கு, பாதி சின்னக் கைக்கு. பெருசு அண்ணாச்சிக்கு. சின்னது எனக்கு. ஆளுக்குப் பாதி ஜெயிச்சாச்சு. நான் எதுக்கு அவரக் கொல்லுதேன்?"

நியாயமான கேள்வி.

நியாயமாகக் கேள்வி கேட்பவர்களை மீனலோசினி நம்புவதில்லை.

சீட்டுகள் திறந்தே கிடந்தன. நடுவில் பொதுவாக ஐந்து. மூணு, நாலு, ஆறு, எட்டு, ராஜா. ஆறைத் தவிர எல்லாம் இதயம் போட்ட ஆர்ட்டின்.

"உம்ம கை எது வே?"

"இந்தா..."

ஒரு ஏஸ். ரெண்டு ராஜா. ஒரு ஜாக்கி.

"இந்த மாதிரி ஆட்டத்தக் கிளப்புல பாத்திருக்கேன். சின்னக் கைன்னா எட்டுக்குள்ள அஞ்சு வேற வேற சீட்டு. சரியா?"

"ஆமா! ஏஸ்தான் ஒண்ணு. அப்புறம் மூணு, நாலு, ஆறு, எட்டு!"

"கையில இருந்து எத்தனை எடுக்கணும்?"

காசிராஜன் சீட்டுகளைக் கையால் மறைத்தார்.

"சொல்லும்!"

"ரெ... ரெண்டு..."

"கையில ரெண்டு, மேஜையில மூணு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நீரு கையில இருந்து எடுத்தது ஏஸ் ஒண்ணுதான். சின்னக் கை செல்லாது! சின்னது இல்லன்னா மொத்தமும் பெருசுக்கு. அண்ணாச்சி அதக் கண்டுபிடிச்சிட்டாரு... அப்படித்தான?"



"சிரிச்சாரு மேடம்!" வெடித்தார் காசிராஜன். "'எண்ணத் தெரியாதவனெல்லாம் எலுமிச்சம்பழம் விக்க வந்துட்டான்'னு சிரிச்சாரு! எல்லாத்தையும் வழிச்சு எடுத்தாரு... எங்கையில சோடா பாட்டில் இருந்துச்சு..."

விலங்கு ஆள் மாறியது. அருண்பாண்டியன் சுவரில் சாய்ந்து விம்மினான்.

மீனலோசினி இறந்தவரின் சீட்டுகளைக் குனிந்து பார்த்தார். ஆர்ட்டின் ஏஸ். ரெண்டு ராணி. ஸ்பேட் பத்து.

முகம் மாறியது!

"பெரிய கை இவருக்குன்னு யாரு சொன்னா?"

"அவரேதான்! அஞ்சும் ஆர்ட்டின்... கலர் அடிச்சிட்டாருல்லா?"

"அவரு கையில எத்தனை ஆர்ட்டின்?"

காசிராஜன் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு..."

"உம்ம கையை எண்ணுனவரு தன் கையை எண்ணல வே! கலரும் செல்லாது. மிஞ்சுனது ரெண்டு ராணி. உம்மகிட்ட ரெண்டு ராஜா, மேஜையில ஒரு ராஜா... மூணு! மொத்தக் குவியலும் ஜெயிச்சது நீருதான்யா!"

காசிராஜன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப... அந்தப் பணம்?"

"அது கோர்ட்டுக்கு. கொலைக் கேஸ் மட்டும் உமக்கு. முழுசா வச்சுக்கிடும்... அதுல பங்கு கேட்டு ஒருத்தனும் வரமாட்டான்!"