அப்பா விழுங்காத குளிசைகள்

பட்டத்துக்கு நூல் தேடி அப்பாவின் வலைச் சாக்குக்குள் கையை விட்டாள் ஜெனுஷா. நூல் கிடைக்கவில்லை. ஒரு தகரப்பேணி கிடைத்தது. உள்ளே ஒரு கிழமைக்குரிய குளிசைகள், ஏழு நாள் மருந்து.

அவளது அப்பா அருளப்பு தாழ்வுபாட்டுக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர். அவருக்குக் காசநோய். ஆறு மாதம் குளிசை போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இருமல் நின்று, கன்னத்தில் சதையும் வைத்துவிட்டது.

"அப்பா, இது என்ன?"

அருளப்பு திருதிருவென்று முழித்தார். "கத்தாதை பிள்ளை. கொம்மாவுக்குக் கேக்கப்போகுது."

"ஏன் விழுங்கேல்லை?"

"இதைப் போட்டா மூத்திரம் செம்மஞ்சளாப் போகுது. கூட வலை இழுக்கிறவங்கள் கரையில கண்டுட்டாங்கள். இப்ப என்ர பேர் 'ஒரேஞ் சோடா'. எனக்குத்தான் சுகமாயிட்டுதே!"

ஜெனுஷாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடியப் பயம் வந்தது. உயர்தரம் படிக்கும் அக்கா சுவேதினி, நேற்றுத்தான் காசநோய்க் கிருமியைப் படம் கீறி அவளுக்குக் காட்டியிருந்தாள். அதை ஜெனுஷா அப்பாவுக்குச் சொன்னாள்.

"கிருமி உங்கட உடம்புக் கலத்துக்குள்ளயே பூந்து ஒளிச்சிருக்கு அப்பா. கலத்துக்குப் பலம் குடுக்கிற இழைமணி எண்டு ஒரு குட்டிச் சாமான் உள்ளுக்கு இருக்கு. கிருமி அதையே தன்ர வசதிக்கு ஆட்டி வைக்குமாம். குளிசையை இடையில விட்டா, மிச்சக் கிருமி திரும்பப் பெருகும்."

"அக்காவும் தங்கச்சியும் டொக்டராயிட்டீங்களோ?"

"சரி, உங்கட வேலையிலயே கேக்கிறன். கரைவலையில முதல்ல கரைக்கு வாறது என்ன?"

"கயிறு. பிறகு வலை."

"மீன்?"

"கடைசியில வாற மடிப் பைக்குள்ள."

"அப்ப, வலையைக் கண்ட உடன இழுக்கிறதை விட்டுட்டு வீட்ட வருவீங்களோ?"

அருளப்பு காய்த்துப்போன உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார்.

"விட்டா அவ்வளவும் ஓடிரும்," என்றார் மெதுவாக.

"வெளிக்கிடுங்கோ. ஒரு கிழமை விட்டதைக் கிளினிக்கில சொல்லோணும்."

"ஐயோ, அந்த நேர்ஸ் மிஸ் கிழிகிழியெண்டு கிழிப்பா!"

"நானும் வாறன். ஏச்சில பாதி எனக்கு."

சைக்கிளில் போனார்கள். கிளினிக்கில் தாதி, இவர்கள் சொன்னதைக் கேட்டு முதலில் தலையில் கைவைத்தார். "நிறம் மாறுறது மருந்தால, அருளப்பு! அதுக்கு வெக்கப்பட்டு ஆர் உயிரோட விளையாடுறது?" என்று தொடங்கினார்.

ஏச்சு பத்து நிமிடம் நீண்டது. தன் பங்கு ஐந்து நிமிடத்தையும் ஜெனுஷா, அப்பாவின் கையை விடாமல் நின்று கேட்டு முடித்தாள்.