மாப்பிள்ளையை வெட்டாதீங்க!

"வீல்...!"

வார்டே அதிர்ந்தது. காலை நேரம். காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வாயில் தெர்மாமீட்டரோடு திரும்பினார்கள்.

அலறியவள் மகள். கையில் மருந்துக்கடைப் பை. கண்கள் ஜன்னலோர நாற்காலியிலேயே நிலைகுத்தி நின்றன.

நாற்காலியில் அவள் அப்பா.

முழுக்கைச் சட்டை. கழுத்துவரை பட்டன். நிமிர்ந்த முதுகு. முகத்துக்கு நேரே விரித்த செய்தித்தாள்.

"அப்பா... நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"பேப்பர் படிக்கிறேன். தெரியல?"

"உங்களை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போயிட்டாங்கன்னு வார்டு சிஸ்டர் சொன்னாங்களே! தள்ளுவண்டியில ஏத்தி அனுப்பிட்டேன், நிம்மதியா இருங்கன்னு இப்பத்தான் லிஃப்ட் வாசல்ல..."

"அனுப்பினாங்க. நல்ல பொண்ணு. பொறுப்பான பொண்ணு."

மகள் கட்டிலைப் பார்த்தாள்.

காலி!

"அப்போ... தள்ளுவண்டியில போனது யாரு?"

பெரியவர் பக்கத்தைப் புரட்டினார். பேப்பர் லேசாக நடுங்கியது. மின்விசிறி ஓடவில்லை.

"மாப்பிள்ளையா இருக்கும்."

"வீல்...!"

முதல் அலறல் ஒன்றுமே இல்லை என்று வார்டு அப்போது தெரிந்துகொண்டது.

வார்டு சிஸ்டர் ஓடி வந்தாள். வேலைக்குப் புதிது. அன்றுதான் இந்த வார்டு.

"என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?"

"என் அப்பாவுக்குப் பதிலா என் புருஷனை அனுப்பிட்டீங்க!"

"அய்யய்யோ! கையில பேரு எழுதின பட்டை இருந்துச்சே! ஆஸ்பத்திரி கவுன் போட்டிருந்தாரே! கட்டில்ல படுத்திருந்தாரே!"

"ஆளைப் பார்த்தீங்களா? அப்பாவுக்கும் அவருக்கும் எத்தனை வயசு வித்தியாசம்!"

"வழுக்கையா இருந்தாரு... வயசானவர்னு நினைச்சுட்டேன்."

"ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"கேட்டேனே! 'நீங்கதானே பித்தப்பை ஆபரேஷன்'னு கேட்டேன். தலையை ஆட்டினாரு!"

"அவரு எதுக்கும் தலையை ஆட்டுவாரு! என்னைக் கட்டிக்கச் சம்மதமான்னு கேட்டப்பவும் அப்படித்தான் ஆட்டினாரு!"

வார்டு சிஸ்டர் போனைப் பிடித்தாள். தியேட்டரில் மணி அடித்தது... அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது.

யாரும் எடுக்கவில்லை!

மகள் ஓடினாள். வார்டு சிஸ்டர் ஓடினாள். ஓட்டத்தைப் பார்த்ததும் விஷயம் தெரியாமலேயே, எல்லோரும் 'மீசை' என்று கூப்பிடும் செக்யூரிட்டியும் ஓடினார். ஓய்வுபெற்ற போலீஸ்காரர். பழக்கம் விடவில்லை.

பெரியவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

அவர் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் எல்லாம் நின்றிருக்கும். சொன்னால் மாப்பிள்ளையின் வயிறு தப்பும்... குடும்ப மானம் போகும்!

மானத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

*

தியேட்டர்.

குளிர். பச்சைத் துணிகள். தலைக்கு மேலே வட்ட விளக்கின் வெள்ளை வெளிச்சம்.

மேஜைமேல் மாப்பிள்ளை!

வார்டில் கொடுத்த மாத்திரை நன்றாக வேலை செய்திருந்தது. விளக்கைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய பித்தப்பை எந்தப் பாவமும் அறியாதது. கல் இல்லை. வீக்கம் இல்லை. உண்டு உழைத்து ஒழுக்கமாக வாழ்ந்துவரும் பித்தப்பை!

அதற்குத்தான் நாள் குறித்திருந்தார்கள்.

மயக்க மருந்து டாக்டர் ஊசியை எடுத்தார். சர்ஜன் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆரம்பிக்கலாமா?"

"நிறுத்துங்க!"

ஊசி அந்தரத்தில் நின்றது.

குரல் தியேட்டர் சிஸ்டருடையது. ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு 'நிறுத்து சிஸ்டர்' என்றுதான் பெயர். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படிப் போட்டிருக்கலாம் என்பது சர்ஜனின் கருத்து.

"ஆரம்பிச்சுட்டீங்களா சிஸ்டர்?"

"தினமும் ஆரம்பிக்கிறதுதானே டாக்டர்? ஆளு யாரு, ஆபரேஷன் என்ன, எந்த இடத்துல... அவரு வாயால வரணும். அதுவரைக்கும் எல்லாரும் கையைக் கட்டிக்கோங்க."

"கையில பட்டை இருக்கே. வார்டுல பார்த்தாச்சு. வாசல்ல பார்த்தாச்சு."

"எல்லாரும் பட்டையைப் பார்த்திருக்கீங்க. பட்டைக்கா ஆபரேஷன்?"

சர்ஜன் கையைக் கட்டிக்கொண்டார். விதி விதிதான். அதைச் சுவரில் ஒட்டச் சொன்னவரே அவர்தான்.

சிஸ்டர் குனிந்தாள்.

"சார்... உங்க முழுப் பேரு என்ன?"

மாப்பிள்ளை யோசித்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"பாதி மயக்கம் சிஸ்டர். விடுங்க. பின்னாடி இன்னும் ஆளுங்க காத்திருக்காங்க," என்றார் மயக்க மருந்து டாக்டர்.

"அவங்க காத்திருப்பாங்க. நாமளும் காத்திருப்போம்."

காத்திருந்தார்கள். வெளியறையில் போன் கதறியது. யாரும் அசையவில்லை.

மாப்பிள்ளை சொன்னார்.

அவர் சொன்ன பெயருக்கும் பட்டையில் இருந்த பெயருக்கும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை!

"உளர்றாரு," என்றார் மயக்க மருந்து டாக்டர். "போன வாரம் இதே மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஒருத்தர் தன்னை ரயில் என்ஜின்னு சொன்னாரு."

"அப்பவும் நான் நிறுத்தினேன்ல? ரயில் என்ஜினுக்கு ஏது குடல்வால்?"

மறுபடி குனிந்தாள்.

"சார், உங்களுக்கு என்ன ஆபரேஷன்?"

"எனக்கா?" மாப்பிள்ளை வெட்கப்பட்டார். "எனக்கெதுக்குங்க? எங்க மாமாவுக்குத்தான்... பித்தப்பையில கல்லு... பாவம்..."

சர்ஜன் கட்டிய கையை அவிழ்த்து, கத்தித் தட்டைச் சத்தம் வராமல் தள்ளி வைத்தார்.

அதே நொடி... கதவு படாரென்று திறந்தது!

"வெட்டாதீங்க! அவரு என் புருஷன்!"

"வெட்டலைம்மா," என்றார் சர்ஜன், நெற்றி வியர்வையோடு. "விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்."

*

மதியம்.

வார்டில் கட்டிலைச் சுற்றித் திரை. கட்டிலில் மாப்பிள்ளை கண்மூடிக் கிடந்தார், மாத்திரையின் மயக்கம் இறங்கட்டும் என்று. நாற்காலியில் பெரியவர், அதே நிமிர்ந்த முதுகோடு. எதிரே மீசை. கட்டிலோரம் மகள். பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வார்டு சிஸ்டர். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மேலிடத்தில் பேச்சு அடிபட்டது.

மீசையின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்! இத்தனை வருஷமும் காணாமல் போன செருப்பைத் தேடியே காலம் போனது. இன்று... கொலை முயற்சி!

"சொல்லுங்க பெரியவரே. உங்க கைப் பட்டை மாப்பிள்ளை கைக்கு எப்படிப் போச்சு?"

"நான்தான் மாட்டிவிட்டேன்."

"அப்பா!"

"நீ சும்மா இரு. மாப்பிள்ளை என் கூடத் துணைக்கு வந்திருக்காரு. வீட்டு மாப்பிள்ளையை நாற்காலியில உட்கார வச்சுட்டு நான் கட்டில்ல கால் நீட்டறதா? யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க? பட்டை இல்லாதவங்க கட்டில்ல படுக்கக் கூடாதுன்னு இங்க சட்டம். அதனால அவரு கட்டில்ல கண்ணசந்ததும் பட்டையை அவருக்குப் போட்டேன். மரியாதைங்க. எங்க குடும்பத்துல அப்படித்தான்."

"கவுன்?"

"பின்பக்கம் திறந்து கிடக்கு! எங்க பரம்பரையில எவனும் முதுகு காட்டினது கிடையாது. மாப்பிள்ளைக்குப் போட்டு எப்படி இருக்குன்னு பார்த்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாயில்ல."

மகள் பொங்கினாள்.

"மரியாதையா? இவரு சோபாவுல உட்கார்ந்தா நீங்க தொண்டையைச் செருமுவீங்க! இவரு எழுந்திருச்சாத்தான் செருமல் நிக்கும்! நாங்க வந்தா டிவி ரிமோட்டைத் தலகாணிக்குக் கீழ வச்சுக்குவீங்க! இன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு மரியாதை?"

மீசை துள்ளி எழுந்தார்.

"ஆக, மரியாதை பொய்! மாப்பிள்ளையைப் பிடிக்கலை. பட்டையை மாத்தினா டாக்டர் கையாலயே காரியம் முடிஞ்சிடும். உங்க சட்டையில ஒரு சொட்டு ரத்தம் படாது. எப்பேர்ப்பட்ட மூளை! ஒத்துக்கறீங்களா?"

பெரியவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

மரியாதை என்ற காரணம் செல்லவில்லை. கொலை என்ற காரணம் எதிரே நிற்கிறது. உண்மையான காரணம் ஒன்று நெஞ்சுக்குள் இருக்கிறது... அதை ஒரு குடும்பத் தலைவர் வாய்விட்டுச் சொல்வதாவது! அதற்குத் தூக்குமேடை எவ்வளவோ கௌரவம்!

எழுந்து நின்றார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"ஆமாம்! நான்தான் கொல்லப் பார்த்தேன்! கூட்டிட்டுப் போங்க!"

"அப்பா, என்ன உளர்றீங்க!"

"கொலைகாரன்னா நாலு பேரு பயப்படுவாங்க. பரவாயில்ல."

மீசை ஆனந்தத்தில் கண்கலங்கினார். "உங்களை மாதிரி ஒத்துழைக்கிற குற்றவாளியை நான் சர்வீஸ்லயே பார்த்ததில்லங்க..."

"நிறுத்துங்க!"

திரை விலகியது. நிறுத்து சிஸ்டர்!

"இங்க யாரையும் வெட்டலையே சிஸ்டர்?" மீசை மிரண்டார்.

"தப்பான காரணத்தை எழுதிட்டுப் போனா, இதே தப்பு நாளைக்கு வேற கட்டில்ல நடக்கும். அதான் வந்தேன்." பெரியவர் பக்கம் திரும்பினாள். "தாராளமா ஜெயிலுக்குப் போங்க சார். போறதுக்கு முன்னாடி கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கறேன்."

தட்டிலிருந்து ஊசியை எடுத்தாள்.

நிமிர்ந்தாள்.

பெரியவரைக் காணோம்!

"எங்க போனாரு? தப்பிச்சுட்டாரு! கேட்டை மூடுங்க!" மீசை விசிலை எடுத்தார்.

"கத்தாதீங்க," என்றாள் மகள். "என் முதுகுக்குப் பின்னால நிக்கிறாரு."

அவள் தோளுக்கு மேலே இரண்டு கண்கள் தெரிந்தன.

"அதை உள்ள வைம்மா... உனக்குப் புண்ணியமாப் போகும்..."

"கொலைகாரருக்கு ஊசின்னா பயமா?"

"பயமா? எனக்கா? நீ வர்றியேன்னு வழிவிட்டு நின்னேன்."

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்தாள். குரல் தணிந்தது.

"கொலையும் இல்ல, மரியாதையும் இல்ல. பயம். ஆபரேஷன் பயம். எல்லாருக்கும் வர்றதுதான் சார். ராத்திரியே என்கிட்ட சொல்லியிருந்தா உட்கார்ந்து பேசியிருப்பேன்."

மீசையின் மீசை தொங்கியது. கொலை முயற்சி மறுபடி செருப்பு லெவலுக்கு இறங்கிவிட்டது.

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நிமிர்ந்தே பழகிய முதுகு முதல்முறையாக வளைந்தது.

"போச்சு... எல்லாம் போச்சு... இனி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வெளியே போவேன்?"

"அவசரப்படாதீங்க," என்றாள் சிஸ்டர். "இதுல கூட்டாளி ஒருத்தர் இருக்காரு."

"கூட்டாளியா?" மீசையின் மீசை பழையபடி எழுந்தது.

"இந்தப் பட்டையை ஒரு தடவை பூட்டிட்டா திறக்க முடியாது. கத்தரிக்கோல் வேணும். ஆனா இது வெட்டுப்படல. பெரியவரு ஒல்லி. விலங்கு மாதிரி இருக்குன்னு சொல்லி இறுக்கவும் விட்டிருக்க மாட்டாரு. அதனால கழட்டிட்டாரு. சரி. ஆனா மாப்பிள்ளை கையைப் பாருங்க."

பார்த்தார்கள். மெத்தென்ற, கொழுகொழு கை.

"தூங்குற மனுஷன் கையில இது ஏறவே ஏறாது. கட்டைவிரலை உள்ளே மடக்கி, விரலெல்லாம் குவிச்சு, அவரே கையைக் குறுக்கிக் குடுத்தாத்தான் ஏறும்!"

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

"முழிச்சுட்டுத்தானே இருந்தீங்க சார்? அப்பவும்... இப்பவும்?"

மாப்பிள்ளையின் ஒரு கண் திறந்தது!

"வீல்...!" இது பெரியவர்.

"மன்னிச்சுடுங்க மாமா." மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். "பட்டையைக் கொண்டு வந்தப்போ உங்க கை நடுங்குச்சு. உங்க கை நடுங்கி நான் பார்த்ததே இல்ல. தட்டிவிட மனசு வரல. குடுத்தேன். கூப்பிட வர்றவங்ககிட்ட, எனக்கு உடம்பு சரியில்ல, இன்னொரு நாள் வச்சுக்கலாம்னு சொல்லிடலாம்னு பார்த்தேன். உங்க பயம் வெளியே தெரியாம போயிருக்கும். அதுக்குள்ள மாத்திரையைக் குடுத்துட்டாங்க, நாக்கே எழும்பல..."

"வாயைத் திறந்து நான் அவரு இல்லன்னு சொல்றதுக்கு என்னங்க?" மகள் அழுதாள். "வயித்தைக் கிழிச்சிருந்தா?"

"யாரு கேட்டா? எல்லாரும் 'நீங்கதானே'ன்னு கேட்டாங்க. 'நீங்க யாரு'ன்னு கேட்டு, நான் பதில் சொல்றவரைக்கும் நின்னது இந்த சிஸ்டர் ஒருத்தங்கதான்."

வார்டு சிஸ்டர் மூக்கை உறிஞ்சினாள். "இனிமே பேரைச் சொல்லச் சொல்லித்தான் கேட்பேன்."

"அதைக் கத்துக்கிட்ட பொண்ணை வீட்டுக்கு அனுப்பறதாவது? மேலே நான் பேசிக்கறேன்," என்றாள் நிறுத்து சிஸ்டர்.

பெரியவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். ஒரு குடும்பத்தின் மானத்தைத் தன் வயிற்றில் வாங்கிக்கொள்ள ஒருவன் சத்தமில்லாமல் கையை நீட்டியிருக்கிறான். பரம்பரையில் இப்படி ஓர் ஆள் இருந்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை.

முதுகு நிமிர்ந்தது. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டார். கையை நீட்டினார்.

"குத்தும்மா ஊசியை. இறுக்கிக் கட்டு பட்டையை. நாளைக்கே ஆபரேஷன். ஆனா ஒரு நிபந்தனை... நான் மயங்கறவரைக்கும் மாப்பிள்ளை என் கையைப் பிடிச்சுட்டுப் பக்கத்துலயே நிக்கணும்!"

"நிக்கலாம் சார். கூட வர்றவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"மாப்பிள்ளை! தங்கமான மாப்பிள்ளை! பெத்த பிள்ளைக்கும் மேல!"

"சந்தோஷம். அவரு பேரு?"

பெரியவர் கம்பீரமாக வாயைத் திறந்தார்.

மூடினார்.

மகள் பக்கம் மெதுவாகச் சாய்ந்தார்.

"ஏம்மா... உன் புருஷன் பேரு என்ன?"