மிச்ச ஃபிலிம்

அவள் செத்துக் கிடந்தாள்.

பம்பு செட் அறையின் சிமெண்ட் தரையில், ஒருக்களித்து, ஒரு கை மோட்டாரைத் தொட்டபடி... கழுத்தில் கயிறு இறுக்கிய தடம். கண்கள் பாதி திறந்திருந்தன.

இன்ஸ்பெக்டர் கிருபா அந்தக் கண்களைப் பார்த்தாள்.

கொட்டாவி விட்டாள்!

அவளைக் குறை சொல்ல வேண்டாம். ராத்திரி முழுக்க ஜிஎஸ்டி ரோட்டில் பந்தோபஸ்து. முழங்காலில் வலி. காலையில் பிரஷர் மாத்திரை போட மறந்தாயிற்று. போதாததற்கு, இந்தப் பிணம் செத்து முப்பத்தாறு வருஷம் ஆகிவிட்டது.

பிணம் இருந்தது ஒரு கறுப்பு வெள்ளை போட்டோவில். போட்டோ இருந்தது, இரும்புலியூரில் ஒரு பழைய வீட்டு மாடியில் நடக்கும் வட்டார வரலாற்று ஆவணக் காப்பகத்தின் சுவரில். நாளைக் காலை கண்காட்சி. 'தாம்பரம்: குற்றமும் கேமராவும்' என்று வாசலில் பேனர் வேறு.

செல் அலறியது. உதவி கமிஷனர்!

"கிருபா, இன்னுமா அங்க இருக்கீங்க? ஏதோ நெகட்டிவ் காணோம், அவ்ளோதானே? நேத்து வந்து சத்தம் போட்ட பொம்பளை மேல ஒரு கேஸைப் போட்டு முடிச்சுட்டு வாங்க. சாயந்தரம் மறுபடியும் பந்தோபஸ்து."

"சரி சார்."

தன் சர்வீஸில் அவள் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

போட்டோவுக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையைப் படித்தாள். 'லோகாம்பாள் கொலை வழக்கு, முடிச்சூர், 1988. திங்கள் காலை சடலம் கண்டெடுக்கப்பட்டது. துப்புத் துலக்கியவர் இன்ஸ்பெக்டர் தயாளன்.'

தயாளன், கிருபாவைப் பெற்ற அப்பா. நாளைய விழாவின் சிறப்பு விருந்தினர்.

"உன் புதுநன்மைக்கு மறுநாள் கிடைச்ச கேஸ்மா இது! உன் ராசியிலதான் எனக்கு பிரமோஷன் வந்தது!" என்று இன்றைக்கும் சாப்பாட்டு மேஜையில் சொல்லுவார். ஒன்பது வயதில், வெள்ளை கவுனும் முக்காடும் போட்டு, கையில் மெழுகுவர்த்தியோடு கோயிலில் அவள் முதல் நற்கருணை வாங்கிய ஞாயிற்றுக்கிழமை அது.

பக்கத்துப் படத்தில் கைவிலங்கோடு ஓர் ஆள். 'கொலையாளி சவுரிமுத்து.'

அந்தப் படத்துக்கு நேர் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சவுரிமுத்துவின் மகள் ஆஷா. திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. யூனிஃபார்ம் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"இவங்கதான் மேடம்!" காப்பகத்தை நடத்தும் ஏகநாதன் விரலை நீட்டினார். ரிட்டயர்டு வரலாற்றுப் பேராசிரியர். "நேத்து வந்து தெருவே கேக்கற மாதிரி கத்தினாங்க. இன்னிக்கு காலைல பாக்கறேன், லோகாம்பாள் நெகட்டிவ் கவரைக் காணோம்!"

"நான் எதுக்குங்க எடுக்கறேன்?" ஆஷா எழுந்தே விட்டாள். "எங்கப்பா போட்டோவ கழட்டுங்கன்னுதான் கேட்டேன். வேற இன்னா கேட்டேன்?"

"கத்தினீங்களா இல்லையா?"

"கத்துனேன் மேடம்! பதினாலு வருசம் உள்ள இருந்துட்டு வந்த மன்சன். வூட்ட வுட்டு வெளிய வர்றதில்ல. இப்ப வாசல் பேனர்ல அவரு மூஞ்சி! எம் பொண்ணு காலேஜ் பஸ்சு இந்த வழியாதான் போவுது. நாளைக்கு டிவிக்காரன் வேற வருவானாம். எங்கப்பா தாங்காது மேடம். செத்துடும்."

சத்தமாக ஆரம்பித்தவள், கடைசி வார்த்தையை மெதுவாகச் சொன்னாள். கிருபாவுக்கு என்னவோ போல் இருந்தது.

"உங்கப்பா என்னதான் சொல்றார்?"

"அன்னிலேர்ந்து ஒரே பேச்சுதான். வெள்ளிக்கெழம மதுராந்தகம் போனேன், அக்கா வூட்டு சாவுக்கு. ஞாயித்துக்கெழம நைட்டுதான் வந்தேன். பட்த்து தூங்கிகினு இருந்தேன், காலைல போலீசு வந்து இட்டுகினு போச்சு. இத்தையே சொல்லிகினு கீது."

"அது உண்மைதான் மேடம்" என்றார் ஏகநாதன். "லோகாம்பாள் வயல்ல தண்ணி பாய்ச்சற ஆள் இந்த சவுரிமுத்து. ஞாயிறு ராத்திரிதான் ஊர்லேருந்து வந்தான்னு போலீஸே கோர்ட்ல சொல்லுச்சு. வந்ததும் வராததுமா தகராறு, ராத்திரியே கொலை, காலைல பிணம். கேஸ் அதுதான்."

கிருபா அலுப்போடு திரும்பினாள். "சிட்டிபாபு, பீரோவைப் பாத்தீங்களா?"

ஏட்டு சிட்டிபாபு பீரோவின் முன் குத்துக்காலிட்டிருந்தார்.

"பூட்டு அப்டியே கீது மேடம். நெம்பல, ஒடைக்கல. சாவி போட்டு தொறந்துதான் எட்த்துகிறாங்க."

"சாவி?"

"என்கிட்டதான் மேடம்" என்றார் ஏகநாதன். "எப்பவும் பூட்டியேதான் இருக்கும். முந்தாநாள் உங்கப்பா வந்தப்போ மட்டும் திறந்து குடுத்தேன். பழைய ஞாபகம், தனியா உக்காந்து பாக்கறேன்னார். நான் காபி சொல்லப் போயிட்டேன். அவருக்கு நாளைக்கு மாலை, பொன்னாடை எல்லாம் ரெடி மேடம்!"

சிட்டிபாபு இருமினார்.

அப்பாவா? சேச்சே... எண்பதைத் தொடும் வயசில், கண் ஆபரேஷன் முடிந்த மனிதருக்கு நெகட்டிவ் எதற்கு?

"அந்தக் கவர்ல அப்படி என்ன இருந்தது சார்?"

"சுவர்ல இருக்கற இந்தப் படங்களோட நெகட்டிவ். ஸ்டுடியோ டெனிஸ் எடுத்தது. கல்யாணம் எடுக்கறவரைத்தான் அப்போ ஸ்டேஷன்லேருந்து பிணம் எடுக்கவும் கூப்பிடுவாங்க. அவர் காலமானப்புறம் அவர் பையன் எல்லாத்தையும் இங்க குடுத்துட்டார்." சட்டென்று ஏகநாதன் முகம் மலர்ந்தது. "ஆனா ஒரு துண்டு தப்பிச்சுடுச்சு மேடம்!"

"எப்படி?"

"ரோல்ல மிச்சம் இருந்த ஃபிலிம்ல ஏதோ ஒரு வீட்டு விசேஷத்தையும் எடுத்திருக்கார். கழுவினப்புறம் ஆறு ஆறு படமா வெட்டுவாங்க. அதுல ஒரு துண்டுல பாதி பிணம், பாதி விசேஷம்! அதை விசேஷக் கவர்ல போட்டுட்டார்."

பழுப்பேறிய கவரை எடுத்து வந்தார். 'அய்யா வீட்டு விசேஷம்' என்று பென்சிலில் எழுதியிருந்தது.

கிருபா ஃபிலிம் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முதல் மூன்றும் பம்பு செட் அறை. அடுத்த மூன்றில் ஒரு சிறுமி. நெகட்டிவ் ஆயிற்றே... கறுப்பு கவுன், வெள்ளைத் தலைமுடி!

"ஃபோன்ல கலரைத் திருப்பிப் பாக்கலாம் மேடம்." ஏகநாதன் படம் பிடித்து, திரையைத் தட்டி, நீட்டினார்.

வெள்ளை கவுன். மெழுகுவர்த்தி. முன்பல் இல்லாத சிரிப்பு. முக்காட்டில் ஓர் ஓட்டை... பக்கத்துப் பெண்ணின் மெழுகுவர்த்தி சுட்டுப் பொசுக்கிய ஓட்டை!

கிருபாவேதான்!

2015 வெள்ளத்தில் முடிச்சூர் வீட்டில் கழுத்தளவு தண்ணீர். ஆல்பம் எல்லாம் கூழாகிப் போயின. அதற்குப் பிறகு இந்த முகத்தை அவள் பார்க்கவே இல்லை. ஒரு நிமிஷம் முழங்கால் வலிகூட மறந்து போய், சந்தோஷமாக இருந்தது.

ஒரே ஒரு நிமிஷம்தான்.

"சார்... இதுல எது முதல்ல எடுத்தது?"

"ஃபிலிம் ஓரத்துல நம்பர் இருக்கே மேடம். பிணம் முதல்ல. விசேஷம் அப்புறம்."

"நல்லா பாத்து சொல்லுங்க."

"நல்லாவே பாத்துட்டேன். நம்பர் ஏறிக்கிட்டே போகுது. ஏன் மேடம், உடம்பு சரியில்லையா?"

புதுநன்மை, ஞாயிறு காலை. பிணம் கிடைத்தது, திங்கள் காலை.

அப்படியானால்... அவள் மெழுகுவர்த்தி ஏந்திக்கொண்டு சிரித்தபோதே லோகாம்பாள் செத்துக் கிடந்திருக்கிறாள்! டெனிஸ் படமும் எடுத்தாகி விட்டது! அவரைக் கூட்டிப்போனது போலீஸ்!

அந்த நேரத்தில் சவுரிமுத்து மதுராந்தகத்தில், அக்கா வீட்டுச் சாவில்.

கிருபாவுக்கு அழுகை வந்தது. அழக்கூட அலுப்பாக இருந்தது.

"சிட்டிபாபு, இந்தத் துண்டை முறைப்படி எழுதி வாங்கிக்கங்க."

பிறகு சுவரிலிருந்து சவுரிமுத்துவின் படத்தைத் தானே கழற்றினாள். ஏகநாதன் வாயைத் திறந்தார். கிருபாவின் முகத்தைப் பார்த்து மூடிக் கொண்டார்.

"வீட்டுக்குப் போங்க ஆஷா. உங்கப்பாகிட்ட நல்ல சட்டை ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு கீது... எதுக்கு மேடம்?"

"துவைச்சு வைங்க."

முடிச்சூர். வீட்டுக் கொல்லையில் புகை.

தயாளன் கைத்தடியால் சருகைக் கிளறிக் கொண்டிருந்தார். பிளாஸ்டிக் கருகிய நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"என்னப்பா எரிக்கிறீங்க?"

"குப்பைம்மா. இந்நேரத்துல வந்திருக்கே? சாப்பிட்டியா?"

"லோகாம்பாள் பிணத்தை முதல்ல எப்ப பாத்தீங்க?"

"திங்கக்கிழமை. ஊருக்கே தெரியுமே."

"என் புதுநன்மைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

கைத்தடி நின்றது!

புகையைப் பார்த்தார். மறுக்கிற தெம்பு அவருக்கும் இல்லை போலிருந்தது.

"சனிக்கிழமை சாயந்தரமே தகவல் வந்துடுச்சு. டெனிஸைக் கூட்டிட்டுப் போய்ப் படம் எடுத்தேன். ராத்திரி ஷ்யாம்சுந்தர் வந்தான்."

"இங்க பிளாட் போட்டு வித்தாரே, அவரா?"

"அவனேதான். லோகாம்பாள் நிலத்தைத் தரமாட்டேன்னுட்டா. இவன் ஆளை விட்டு முடிச்சுட்டான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பம்பு செட் ரூமைப் பூட்டி வெச்சேன். சவுரிமுத்து ஊர்லேருந்து வர்ற வரைக்கும். போஸ்ட்மார்ட்டம் டாக்டர்கிட்ட ஷ்யாம்சுந்தரே பேசிட்டான். அவ்ளோதான்."

"அவ்ளோதானா? பதினாலு வருஷம்ப்பா!"

தயாளன் மறுபடி சருகைக் கிளறினார்.

"இதுக்கு அந்த ஆள் என்ன குடுத்தார்?"

அவர் கண் வீட்டுப் பக்கம் போனது. கிருபாவும் பார்த்தாள். வெள்ளம் வடிந்த பிறகு அவள் தன் கையால் சேறு வழித்த சுவர். அவள் வளர்ந்த வீடு.

"இந்த மனையா...?"

"எல்லாம் உனக்காகத்தாம்மா."

"என்னை இதுல இழுக்காதீங்க!"

தயாளன் நிமிர்ந்தார். பழைய இன்ஸ்பெக்டர் லேசாக எட்டிப் பார்த்தார்.

"இப்ப என்ன ஆயிடுச்சு? ஷ்யாம்சுந்தரும் செத்துட்டான், டெனிஸும் செத்துட்டான். நெகட்டிவ் சாம்பல். சுவர்ல இருக்கற படத்துல தேதி இல்ல. நான் இங்க எதையும் சொல்லவும் இல்ல. போய்ப் படும்மா. ரொம்பக் களைச்சுப் போயிருக்கே."

உண்மைதான். படுத்தால் தேவலை என்றுதான் அவளுக்கும் இருந்தது. படுத்துத் தூங்கி எழுந்தால் நாளை விழா. அப்பாவுக்கு மாலை. ஆஷா வீட்டில் ஒரு கிழவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சட்டைப் பையிலிருந்து பழுப்புக் கவரை எடுத்தாள்.

"நீங்க எரிச்சது போலீஸ் கவர்ப்பா. இது விசேஷக் கவர்ல தனியா இருந்தது. முன்பல் இல்லாம நான் சிரிக்கறேன். எனக்கு முன்னாடி லோகாம்பாள் கிடக்கறா. ஒரே துண்டுல!"

தயாளன் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து விட்டார்.

"பெத்த அப்பனைக் கூட்டிட்டுப் போவியா கிருபா?"

கிருபா வாசலில் நின்ற ஜீப் பக்கம் குரல் கொடுத்தாள். "சிட்டிபாபு! ஐயாவைக் கையைப் பிடிச்சு ஏத்துங்க. அவருக்கும் முழங்கால் வலி உண்டு."

ஜீப் கிளம்பியது. கிருபா முன் சீட்டில். தயாளன், போலீஸ் ஜீப்பில் முதன்முறையாக, பின் சீட்டில்.

செல் அலறியது.

"என்ன கிருபா, கேஸ் போட்டாச்சா?"

"போடப் போறேன் சார்."

"வெரி குட். அந்தப் பொம்பளை மேலதானே?"

"இல்ல சார். சீஃப் கெஸ்ட் மேல!"

மறுமுனையிலிருந்து மெல்ல, "அப்ப... நாளைக்கு ரிப்பன் யார் வெட்டறது?"

"சவுரிமுத்துன்னு ஒருத்தர் சார். சட்டை துவைக்கச் சொல்லியிருக்கேன்."

செல்லை அணைத்தாள். கண்ணைத் துடைத்துக் கொண்டாள். பின்னாலிருந்து தயாளனின் முனகல் கேட்டது.

"அன்னிக்கே டெனிஸ் கேட்டான்... பாப்பா ஃபங்ஷனுக்குப் புது ரோல் போடட்டுமா சார்னு. நான்தான், ஸ்டேஷன் ரோல்ல மிச்சம் இருக்கே, அதுல ஓசியில எடுத்துடுன்னேன்."

கிருபா திரும்பாமலே சொன்னாள்.

"ஒரே ஒரு ரோல் காசு குடுத்து வாங்கியிருந்தா, நாளைக்குப் பொன்னாடை உங்களுக்குத்தான்ப்பா!"