விறகுக் கொட்டிலில் இருந்த சீஸ்

டங்! டங்! டங்!

இருதயம்மா அத்தை அலுமினியத் தட்டை அகப்பையால் அடித்துக்கொண்டு லயத்து வாசலில் நின்றார்.

"எலி செத்துக் கிடக்கு! எங்கேயோ எலி செத்துக் கிடக்கு! எல்லாரும் வெளிய வாங்க!"

ஞாயிற்றுக்கிழமை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை இல்லை. லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த வீடுகளிலிருந்து எல்லோரும் வெளியே வந்து மூக்கை உயர்த்தினார்கள்.

"எலி இல்ல, பெருச்சாளி," என்றார் ஒருவர்.

"அதெல்லாம் இல்ல, எங்க வீட்டுக்காரரு பூட்ஸ கழட்டியிருப்பாரு," என்றார் இன்னொருவர்.

றொஷேல் மட்டும் மூக்கை உயர்த்தவில்லை. அது என்ன நாற்றம் என்று அவளுக்குத் தெரியும்.

அது அவளுடைய சீஸ்.

அவளுடைய சித்தி எல்ல என்ற ஊரில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்கிறாள். சீஸ் செய்யும் விதத்தை அங்கே பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். "இதெல்லாம் லயத்துல செய்ற சாமான் இல்ல" என்று தலைமைச் சமையற்காரர் சிரித்தாராம். சித்திக்கு ரோஷம் வந்துவிட்டது. தானே பால் வாங்கி, உறையவைத்து, பிழிந்து, ஒரு வட்டக் கட்டியைத் துணியில் சுற்றி, நமுனுகுலவில் இருக்கும் இந்த லயத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"என் அறைக்குத் தகரக் கூரை. பகல்ல வெந்துபோயிரும். உங்க விறகுக் கொட்டில்தான் இருட்டு, குளிரு. தினமும் உப்புத் தண்ணி தொட்டுத் துடைச்சு, திருப்பி வைக்கணும். கிறிஸ்மஸ் அன்னைக்கு வெட்டுவோம். அதுவரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாத. சரியா வரலைன்னா ஊரே சிரிக்கும்!"

றொஷேல் ஒரு நாளும் தவறவில்லை. பழைய மண்சட்டிக்குள் இருந்த சீஸ் மெல்ல மெல்ல ஆரஞ்சு நிறமானது. பிறகு நாறத் தொடங்கியது. பயந்துபோய்ச் சித்திக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"எப்படி நாறுது?"

"மழையில நனைஞ்ச சொக்ஸ் மாதிரி, சித்தி."

"அப்படியா? அப்ப ரொம்ப நல்லா வருது!"

சித்திக்கு நல்ல செய்தி. லயத்துக்கு அப்படி இல்லை.

மோந்து மோந்து நடந்த கூட்டம் கொட்டில் பக்கம் வந்தது. கொட்டிலுக்கு மூன்று பக்கம் கல்சுவர், நாலாவது பக்கம் பலகைத் தட்டி. தட்டிக்கு வெளியே, அதை ஒட்டியே, சஜீவனியின் முயல் கூடு இருந்தது. சஜீவனி பக்கத்து வீடு. றொஷேலின் வகுப்புத்தான். அவளுடைய முயல்கள் இரண்டு. வெள்ளைக்குப் பஞ்சு என்று பெயர். சாம்பல் நிறத்துக்கு மிளகு.

"இந்தா! இங்கதான்!" என்று அகப்பையை நீட்டினார் இருதயம்மா அத்தை. "முயல் மூத்திரம்!"

"இல்ல அத்தை, நான் தினமும் கழுவுறேன்," என்றாள் சஜீவனி. பிறகு திரும்பினாள். "நீ சொல்லு றொஷேல்."

றொஷேலுக்கு உண்மை வாய்வரை வந்துவிட்டது. ஆனால் கிறிஸ்மஸுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. இப்போது சொன்னால் அத்தை சட்டியோடு தூக்கி ஓடையில் எறிந்துவிடுவார். சித்தி வந்து கேட்டால் என்ன சொல்வது?

"ஆமா... கழுவுறா," என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

சஜீவனி அவளையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு உதட்டை மூடிக்கொண்டாள்.

சஜீவனியின் அப்பா தம்பையாவுக்குச் சண்டை என்றாலே பிடிக்காது. "ஒரே கூரைக்குக் கீழ இருக்கோம். நாலு பேரு பேச்சு நமக்கு வேணாம் புள்ள," என்றார். மறுநாள் காலையிலேயே முயல்களைக் கூடையில் வைத்து, விற்பதற்காகப் பதுளை டவுனுக்குக் கிளம்பினார்.

சஜீவனி அழவில்லை. ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கேரட் தழை இருக்குப்பா. கடைக்காரர்கிட்ட குடுத்துருங்க. மிளகு வேற எதையும் திங்காது."

றொஷேல் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வளைவில் மறைந்தது.

முயல்கள் போனபின்னும் நாற்றம் போகவில்லை.

"மரத்துல ஊறிப்போச்சு," என்றார் இருதயம்மா அத்தை. "கூட்டையும் உடைச்சிருங்க தம்பையா."

அன்று மாலை தம்பையா கோடரியை எடுத்தார். முதல் வெட்டிலேயே பலகை பிளந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் றொஷேலால் சும்மா நிற்க முடியவில்லை. கொட்டிலுக்குள் ஓடி, சட்டியைத் தூக்கிவந்து, அத்தையின் முன்னால் வைத்துத் திறந்தாள்.

"அத்தை, இதை மோந்து பாருங்க."

அத்தை குனிந்தார். "மாதாவே!" என்று பின்னால் தாவினார். "என்னடி இது?"

"சீஸ். கெட்டுப்போகல. இது இப்படித்தான் இருக்கும். முயல் மேல தப்பே இல்ல. எல்லாம் இதுதான்."

"இதையா வெள்ளைக்காரங்க காசு குடுத்துத் திங்கிறாங்க?"

யாரோ சிரித்தார்கள். ஆனால் அத்தை சிரிக்கவில்லை. உடைந்த கூட்டைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் புள்ளையப் போய்ப் பேசிட்டேனே," என்றார்.

றொஷேல் தம்பையாவிடம் ஓடினாள். "மாமா, இப்பவே பதுளைக்குப் போவோம்!"

"பஸ் இல்லம்மா. விடியட்டும்."

விடிந்ததும் இருவரும் முதல் பஸ்ஸில் போனார்கள். தம்பையா முயல்களை விற்ற றஹீம் நானாவின் கடையில் கோழிகள், புறாக்கள், கிளிகள் எல்லாம் கூண்டுகளில் இருந்தன. கடைசிக் கூண்டில் சாம்பல் நிற முயல் ஒன்று தனியாக இருந்தது.

"வெள்ளை முயல் எங்க நானா?"

"அது நேத்தே போயிட்டு மகள். வேன்ல வந்த ஆக்கள், சின்னப் புள்ளைக்கெண்டு வாங்கினாங்க."

"எந்த ஊருன்னு சொன்னாங்களா?"

"நான் கேக்கல்லயே மகள்."

றொஷேல் வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். நிறைய வேன்கள் போய்க்கொண்டிருந்தன.

மிளகை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அவள் சுத்தியலை எடுத்தாள். உடைந்த பலகைகளைச் சேர்த்து அடித்தாள். பாதி ஆணிகள் வளைந்துவிட்டன. இருதயம்மா அத்தை வந்து பலகையைப் பிடித்துக்கொண்டார். இருட்டுவதற்குள் கூடு எழுந்து நின்றது, கொஞ்சம் சாய்வாக.

சஜீவனி மிளகை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பஞ்சு?"

றொஷேல் இல்லை என்று தலையை ஆட்டினாள். சஜீவனி மிளகைக் கூட்டில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கிறிஸ்மஸ் அன்று பூசை முடிந்ததும் சித்தி சீஸை வெட்டினாள். உள்ளே வெண்ணெய் நிறத்தில் மென்மையாக இருந்தது. இருதயம்மா அத்தை ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டார். மூக்கிலிருந்து கை தானாக இறங்கியது.

"இன்னொரு துண்டு குடு பாப்போம்!"

எல்லோரும் சிரித்தார்கள். "அந்தச் சமையற்காரருக்குப் பாதி எடுத்து வச்சாச்சு!" என்று சித்தி துள்ளினாள். இந்த நாளுக்காகத்தான் றொஷேல் காத்திருந்தாள். ஆனால் அவள் தன் துண்டை இன்னும் கடிக்கவேயில்லை.

தட்டில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கொட்டில் பக்கம் போனாள். சஜீவனி கூட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பெரிய கூட்டில் மிளகு ஒரு மூலையில் ஒடுங்கிப் படுத்திருந்தது. மற்ற மூலையை இன்னும் யாருக்கோ விட்டு வைத்திருந்தது.

சஜீவனி சீஸை வாங்கிக் கடித்தாள். "நல்லா இருக்கு," என்றாள்.

"மன்னிச்சிரு சஜீ. ஞாயித்துக்கிழமையே நான் சொல்லியிருக்கணும்."

சஜீவனி பலகைத் தட்டியில் இருந்த இடுக்கைக் காட்டினாள்.

"நீ தினமும் அதை உப்புத் தண்ணி தொட்டுத் துடைக்கிறத நானும் பஞ்சுவும் இந்த இடுக்கு வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். உன் ரகசியம்தானே, நீயே சொல்லுவன்னு நெனச்சேன்."