வெட்டிய பாதி

அழித்த பெயர் மறுபடியும் வந்து நின்றது.

சுடர்விழி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரவுசர் பழைய பக்கத்தையே பிடித்து வைத்துக்கொண்டு காட்டும். புதிதாக சர்வர் போடுகிற யாரையும் ஒரு தடவையாவது ஏமாற்றாமல் விடாது. கதிர்காமத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இருந்தது கலியமூர்த்தியின் பேனர் கடை. கண்ணீர் அஞ்சலி பேனர்தான் அங்கே பாதி வியாபாரம். இறந்தவர் பெயரையும் படத்தையும் சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்தே அனுப்பினால் பேனர் தானாக அமைந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார் அவர். அதற்காக மத்தியானத்திலிருந்து கடையின் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி, அப்பாச்சி, டேட்டாபேஸ், பிஎச்பி என்று ஒவ்வொன்றாகப் போட்டு முடித்திருந்தாள்.

டெலிவரிக்குக் கிளம்பும்போது அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"சும்மா போட்டுப் பாக்கறதுக்குன்னாலும் உசுரோட இருக்கறவங்க மொகத்த அதுல வெக்காதம்மா. நாங்க ரோஜாப்பூதான் வெப்போம்."

சரி என்று தலையாட்டினாள். ஆனால் முகம் பேனரின் பட வட்டத்துக்குள் ஒழுங்காக உட்காருகிறதா என்று பூவை வைத்து எப்படிப் பார்ப்பது? நெடுமாறன் கூப்பிடும்போதெல்லாம் அவள் போனில் வருகிற கல்யாணப் படத்தை எடுத்தாள். தன் பாதியை வெட்டிவிட்டு, கணவன் முகத்தை மட்டும் ஏற்றினாள். தோற்றம் என்ற இடத்தில் அவன் பிறந்த நாள். மறைவு என்ற இடத்தில் எதுவும் அடிக்கக் கை வரவில்லை. பக்கம் அழகாக வந்தது. பார்த்தவுடன் அழித்துவிட்டாள்.

அதுதான் இப்போது திரும்பி வந்திருந்தது.

மறுபடி அழித்தாள். பெயர்கள் சேர்கிற டேபிளையே டேட்டாபேஸிலிருந்து அழித்தாள். டேட்டாபேஸை நிறுத்தினாள். பாதி இறக்கியிருந்த ஷட்டரில் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே வந்த சாயங்கால வெளிச்சம் சுருங்கிக்கொண்டே போக, பேனர் மையின் காட்டமான வாடையோடு, எங்கேயோ அழுகிக்கொண்டிருந்த சம்பங்கி மாலையின் வாடையும் கலந்து அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. பக்கத்தைத் திரும்ப ஏற்றினாள். எடுத்துக் காட்ட எதுவுமே மிச்சமில்லாதபோது, திரையில் பிழை என்றுதான் வந்திருக்க வேண்டும். நெடுமாறன் சிரித்துக்கொண்டிருந்தான்.

மறைவு என்ற இடத்தில் இன்றைய தேதி இருந்தது.

உடனே அவனைப் போனில் கூப்பிட்டாள். சேதராப்பட்டில் கம்பெனி வாசலில் நின்றிருந்தான். மழையாயிற்றே, அவளைக் கூட்டிக்கொண்டு போக வண்டியை எடுக்கப் போகிறானாம்.

"வராதீங்க. என் மேல சத்தியம். வண்டியத் தொடாதீங்க."

"என்னாச்சு சுடரு?"

"ஒண்ணுமில்ல. சத்தியம் பண்ணுங்க."

"சரி, உன் மேல சத்தியமா வரல. போதுமா?"

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். வட்டம் காலியாக இருந்தது. பெயரும் இல்லை, தேதியும் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. வாய்விட்டு அழுதாள்.

பிறகுதான் வட்டத்தின் ஓரத்தில் அந்தச் சிவப்பைக் கவனித்தாள். கூறைப்புடவையின் தோள். அவள் வெட்டிப்போட்ட பாதி.

மவுஸை அவள் தொடவில்லை. பக்கம் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. கழுத்து. மறுபடியும். காதின் ஜிமிக்கி.

வயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

உள்ளறையில் பிரிண்டர் ஓடத் தொடங்கியது.

அவள் வந்ததிலிருந்து அணைத்தே கிடந்த பிரிண்டர். இழுத்து இழுத்து, நிதானமாக, பேனரின் அடிப்பக்கம் முதலில் வெளியே வந்தது. அவள் அடிக்காத ஒரு வரி, ஈர மையில்.

கண்ணீருடன், கணவர் நெடுமாறன்.

ஓடிவிடலாம் என்று திரும்பினாள். ஷட்டர் தரைவரை இறங்கியிருந்தது. எப்போது இறங்கியது? தூக்கினாள். அசையவில்லை. தட்டினாள். மழைச் சத்தம்தான்.

போனில் அவன் பெயர்மேல் கட்டைவிரல் நின்றது. வாங்க என்று ஒரு வார்த்தை போதும். சத்தியமாவது ஒன்றாவது என்று இந்த மழையில் பறந்து வருவான். வந்தால்?

அழுத்தவில்லை.

பேனர் நகர்ந்தது. மறைவு. இன்றைய தேதி. வட்டத்தின் கீழ்விளிம்பு.

கையில் போன் அதிர்ந்தது. அவன்தான். திரையில் அதே கல்யாணப் படம், முழுதாக. நெடுமாறன் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில், அவள் கழுத்து உயரத்தில், ஒரு மாலை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.