ஒன்பதாம் கேள்விக்குச் சாட்சி

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். இரண்டு டம்ளர்களை எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப அடுக்கில் கவிழ்த்தான். எட்டு மாதமாகத் தினமும் இப்படித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டு, சூடு ஆறாத பெட்டியை மேசை மேல் நிறுத்தினான். பெல்ட் எடுக்க மேசையின் இழுப்பறையைத் திறந்தபோது மனைவியின் போன் கையில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. இஸ்திரிப் பெட்டியின் சூடு இறங்கியிருக்கும் என்று நினைத்து மூடினான்.

அவள் போன பிறகு அந்தப் போனுக்கு யாரும் சார்ஜ் போடவில்லை.

அக்கா கூப்பிட்டாள்.

"தாடியை எடுத்தியாடா? இல்ல, சாமியார் மாதிரியே போய் நிக்கப் போறியா?"

"எடுத்துட்டேன்க்கா."

"கேள்வித்தாள் அனுப்பினாங்களே, எல்லாத்துக்கும் பதில் எழுதினியில்ல? பதினஞ்சு கேள்வியாம். போலீஸ்காரன்கூட இவ்வளவு குடைய மாட்டான்."

"எழுதிட்டேன்."

"இந்த வேலை மட்டும் கிடைச்சா மூட்டையைக் கட்டு. அந்த வீட்ல உக்காந்து உக்காந்து நீ பாதியாயிட்ட."

மருந்துக் கிடங்கில் பொறுப்பாளர் வேலை. கிடங்கு வேறு ஊரில். தங்க அறையும் கொடுப்பார்கள். அவனுக்கு அந்த அறை போதும். வேறு சுவர், வேறு கதவு.

மருந்து விவகாரம் என்பதால் அந்த நிறுவனம் யார் வார்த்தையையும் சும்மா நம்புவதில்லை. நேர்காணலுக்கு முன்பே கேள்வித்தாள் வரும். ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே, அது உண்மை என்று சொல்லக்கூடிய ஒருவரின் போன் எண்ணைத் தர வேண்டும். அவர்களே கூப்பிட்டுக் கேட்பார்கள்.

முதல் எட்டுக் கேள்விகளுக்குப் பழைய அதிகாரியும் கல்லூரி ஆசிரியரும் போதுமானவர்களாக இருந்தார்கள். ஒன்பதாவது கேள்வியில் மாட்டிக்கொண்டான். 'வேலையா, வீடா என்று தடுமாறிய நாள் ஒன்றைச் சொல்லுங்கள். என்ன முடிவெடுத்தீர்கள்?'

அவன் எழுதியது இது: 'மனைவிக்குக் கடும் தலைவலி. அன்று அலுவலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு. "கவலைப்படாம போயிட்டு வாங்க" என்று அவளே சொன்னாள். போனேன். வேலையை முடித்தேன்.'

மாலையில் திரும்பியபோது அவள் உடம்பு குளிர்ந்திருந்தது என்பதை எழுதவில்லை.

எண் கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் போகமாட்டேன் என்றது. அன்று காலை வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். அவளுடைய எண்ணைப் போட்டான். அணைந்து கிடக்கும் போன், கூப்பிட்டுப் பார்த்து விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டான்.

பத்து மணிக்கு அந்த அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் இருந்தான். ஜன்னல் முழுக்க வெயில். பதில்களைச் சரிபார்க்கும் பெண் அவனை எதிரே உட்காரச் சொன்னாள். அச்செடுத்த தாள்களை அவன் பக்கம் தள்ளினாள். எல்லாப் பதில்களின் ஓரத்திலும் பச்சை மையில் 'சரி'. ஒன்பதில் மட்டும் சிவப்பு.

"இதை மட்டும் திருத்தி எழுதிக் கொடுத்துடுங்க சார். அப்புறம் உள்ள போகலாம்."

"ஏன்?"

"உங்க வீட்ல ஒத்துக்கலை. நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னாங்க."



"யாரு சொன்னாங்க?"

"உங்க மிசஸ்தான். நேத்தும் பேசினேன், இன்னிக்குக் காலைல ஆறரைக்கும் பேசினேன். நீங்க சட்டை இஸ்திரி போட்டுட்டு இருக்கீங்கன்னாங்க."

இழுப்பறை. அந்த வெதுவெதுப்பு.

"உடம்பு சரியில்லையா சார் அவங்களுக்கு? குரலே எழும்பலை. வெளிச்சம் கண்ணைக் குத்துது, ஜன்னலை மூடிட்டுப் படுத்திருக்கேன்னாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காதீங்க. பொண்டாட்டி சொன்னது காதுல விழலைன்னு எங்க வீட்டுக்காரரும்தான் சொல்வார்."

அவன் சிரிக்க முயன்றான்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. தலைவலித் தைலம். அன்று நெற்றி முழுக்க அப்பிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவன் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். நன்றாகக் கேட்டது. கேட்காதவன் மாதிரி எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.

'கடைசியா என்னடா சொன்னா?' என்று அக்கா அழுதபோது வாயில் வந்ததைச் சொன்னான். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னான். சொல்லிச் சொல்லி அவனுக்கே அது உண்மையாகிவிட்டிருந்தது.

பேனாவை எடுத்தான். பழைய வரியை அடித்தான். 'பத்திரமா போயிட்டு வாங்க' என்று எழுதினான்.

மேசையில் இருந்த போன் அடித்தது.

பெண் திரையைப் பார்த்தாள். "அட, அவங்கதான்."

"எடுக்காதீங்க."

"சார்?"

"தயவு செஞ்சு எடுக்காதீங்க. அவ செத்து எட்டு மாசம் ஆச்சு."

அவள் கை அப்படியே நின்றது.

யாரும் தொடவில்லை. மணி நின்றது. போனில் ஒலிபெருக்கிப் பொத்தானின் சிறு பச்சை விளக்கு தானாக எரிந்தது.

மூச்சு.

மெதுவான, தைலத்தின் காரத்தில் இழுத்து விடும் மூச்சு.

வெயில் குறையவில்லை. ஆனால் ஜன்னலின் திரை, வளையத்துக்கு வளையம், தானாக நகர்ந்து மூடிக்கொண்டது. அறை இருண்டது. பெண் நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டினாள்.

உள் அறைக் கதவு திறந்தது. மேலாளர் தலையை நீட்டி அவனை அழைத்தார். "வாங்க தம்பி, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்."

பத்தடி தூரம். அதைத் தாண்டினால் வேறு ஊர், வேறு சுவர், வேறு கதவு. எழுந்தான். ஒரு கயிறு அவிழ்ந்திருப்பதைக் கண்டு, பழக்கத்தில் குனிந்து ஷூவைக் கட்டத் தொடங்கினான்.

அவன் முதுகுக்குப் பின்னால், அன்று சொன்ன அதே களைப்போடு, ஒரு எழுத்தும் மாறாமல் அவள் சொன்னாள்:

"இன்னிக்கு ஒரு நாள் போகாதீங்களேன்."