கைகழுவும் தொட்டி

பூட்டிக்கிடக்கும் வார்டிலிருந்து வந்த மாதிரியில் மனிதத் துணுக்குகள் அவ்வளவு இருந்திருக்கக் கூடாது.

இளவேனிலுக்கு முதலில் உறுத்தியது அது ஒன்றுதான். அல்சூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனை. அங்கே பச்சிளங்குழந்தைகள் வார்டின் கைகழுவும் தொட்டியில், வடிகுழாய்க்குள் பஞ்சுக்குச்சியை விட்டுத் துடைத்தெடுத்து வாராவாரம் அவளுடைய ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதிலிருக்கும் கிருமியின் மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசித்துச் சொல்வது அவள் வேலை. கிருமியோடு மனிதர்களுடைய துணுக்குகளும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், கைகழுவியவர்களின் தோல், எச்சில் என்று. கணினி அவற்றைத் தனியே ஒதுக்கிவிடும். ஒதுக்கியதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அந்த வாரம் ஒதுக்கியது வழக்கத்தைவிட அதிகம். வார்டை மூடி மாதங்கள் ஆகின்றன; கிருமி அழிந்ததா என்று பார்க்கத்தான் மாதிரி இன்னும் வருகிறது. அங்கே போய்க் கைகழுவ ஆளே இல்லை.

அந்த வார்டில்தான் அவள் பிள்ளை செத்துப்போனான்.

பெயர்கூட வைத்திருக்கவில்லை. காலில் கட்டிய பட்டையில் 'பேபி ஆஃப் இளவேனில்' என்று எழுதியிருந்தது. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி அது. பக்கத்துக் குழந்தைகளுக்கும் தொற்றியது. அவர்கள் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். அவன் மட்டும் போகவில்லை. ஏன் என்று அவனுடைய மரபணுவையும் முழுதாக வாசித்துப் பார்த்தார்கள். நோயை எதிர்க்கும் மரபணு ஒன்றில் எழுத்துப் பிழை. அவளிடமிருந்து ஒன்று, கணவன் பாலகுமாரிடமிருந்து வேறொன்று. தனித்தனியாக இருந்தவரை யாரையும் ஒன்றும் செய்யாத பிழைகள், பிள்ளையிடம் ஒன்றுசேர்ந்து அவனைக் கொண்டுபோய்விட்டன.

வெளியே அடுகோடிப் பட்டறைகளின் தகரக் கூரைகளில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. ஆய்வகத்துக்குள் இயந்திரங்களின் ஒரே சீரான முனகலும், மேஜை துடைத்த ஸ்பிரிட்டின் வாடையும், குளிர்பதனப் பெட்டி நின்று நின்று இழுக்கும் மூச்சும். ஒதுக்கிய கோப்பை அவள் திறந்தாள். ஆண் என்றது. மரபணுவில் அந்தப் பிழைகளின் இடம் தனக்கு மனப்பாடம் என்பதால்தான் தேடினாள், வேறு காரணமில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். தேடிப் பார்த்தாள்.

இரண்டு பிழைகளும் இருந்தன.

ஆய்வகத் தலைவர் அனந்தபத்மநாபன் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"இது கன்டாமினேஷன்மா. உன் பையனோட சாம்பிளும் இதே லேப்லதான ஓடிச்சு? எங்கயோ ஒரு சொட்டு ஒட்டிண்டிருக்கும்."

"இருக்கலாம் சார்."

"கொஞ்ச நாள் லீவு போடேன். இந்த வார்டு சாம்பிளை வேற யாராவது பாக்கட்டும்."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனாலும் விடுப்பு எடுக்கவில்லை. அடுத்த மாதிரியை, அதுவரை உறை பிரிக்காத புது ரசாயனங்களோடு, பிள்ளையின் ரத்தம் பட்டே இராத வேறொரு இயந்திரத்தில் ஓட்டினாள். துணுக்குகள் கூடியிருந்தன. அதற்கடுத்த முறை இன்னும் கூடியிருந்தன. எண்ணிக்கையைக்கூட அவளால் எதையாவது சொல்லித் தள்ளிவிட முடிந்திருக்கும். நீளத்தை முடியவில்லை. இறந்த உடம்பின் மரபணு இழை நாளாக ஆகப் பொடிப்பொடியாக உதிரும். அவள் படித்ததும் பார்த்ததும் அதைத்தான். இந்த இழைகளோ வாரத்துக்கு வாரம் நீண்டன.

நீளமாக இருந்தால் புதிது. புதிதாக இருந்தால் உயிருள்ளது.

பாலகுமாரிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"நம்ம கையாலதான மண்ணு தள்ளுனோம், வேனி."

"ஆமா."

"அப்புறம் என்ன?"

மாடிவீட்டுக்காரர்கள் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள் போல, குளியலறை வடிகாலில் களக் களக் என்று சத்தம் வந்தது. அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மறுநாள் குளிக்கப் போனபோது வடிகாலின் மூடிமேல் ஒரு செங்கல் வைத்திருந்ததைப் பார்த்தாள். ஏன் வைத்தாய் என்று அவனைக் கேட்கவில்லை.

கடைசியாக வந்த மாதிரியில் அந்த இழைகளுக்கு நடுவே இடைவெளியே இல்லை. தலையிலிருந்து கால்வரை முழு மனிதன். பெயர் இல்லாத பிள்ளை.

அன்று பிற்பகல் சங்கமித்ரா போனில் கூப்பிட்டாள். ஜீவனஹள்ளிப் பெண், அந்த வார்டின் நர்ஸ். பிள்ளையின் கடைசி நாட்களில் அவனைத் தொட்டுத் தூக்கியவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா, நாளிக்கு அந்தத் தொட்டிய ஒடச்சுட்டு பைப்புல சிமெண்ட் ஊத்தறாங்களாம். கடைசி சாம்பிள் வேணும்னா நீங்களே வந்து எடுத்துக்கோங்க. நான் உள்ள போ மாட்டேன்."

"ஏம்மா?"

"சும்னே கா, சும்மாதான். போ மாட்டேன்."

இளவேனில் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருக்கவில்லை. பொழுது இறங்குமுன்பே வானம் இருட்டிக் கிடந்தது. சங்கமித்ரா பூட்டைத் திறந்துவிட்டு வாசலோடு நின்றுகொண்டாள். உள்ளே காலியான கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாகச் சுவரோரம் ஒதுக்கி வைக்கப்பட்டு, ஜன்னல் வழியே வந்த சாம்பல் வெளிச்சத்தை ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தன. மூக்கை எரிக்கும் பிளீச்சிங் நெடி. அந்த நெடிக்கு அடியில் இன்னொரு வாடை, இளஞ்சூடாக, லேசான புளிப்போடு. எங்கோ அறிந்த வாடை. பெயர் சொல்ல வரவில்லை.

"பால் வாசன வருது, இல்ல கா?" வாசலிலிருந்தே சங்கமித்ரா கேட்டாள். "நீங்க பீச்சிக் குடுத்தீங்களே, அதான். டியூப்ல அவனுக்கு ரெண்டு சொட்டுதான் எறங்கும். மீதிய இதுலதான் கொட்டுவோம். தெனமும்."

இளவேனில் தொட்டியைப் பார்த்தாள். எவர்சில்வர் தொட்டி. நடுவில் வட்டமான சல்லடை. வலிக்க வலிக்கப் பீச்சி, புட்டியில் ஊற்றி, ஆட்டோ குலுங்கும்போது சிந்தாமல் மடியில் அணைத்துக் கொண்டுவந்து கொடுத்த பால். ஒருமுறைகூட அவனை மார்பில் போட்டுக்கொள்ள விடவில்லை. பால் மட்டும் உள்ளே போகிறது என்று நம்பியிருந்தாள்.

போகத்தான் செய்திருக்கிறது.

பஞ்சுக்குச்சியைப் பிரித்தாள். சல்லடையைக் கழற்றி வைத்தாள். கறுத்த துளை. அதற்குள் ஈரமாக ஏதோ மினுங்கியது. குனிந்தாள்.

சத்தம்.

காற்றடைத்த குழாயின் களகளப்பு இல்லை. சின்னது. உதடு பிரிந்து மூடுவதுபோல. நின்றது. மறுபடியும். தேடுகிற சத்தம்.

"அக்கா, வந்துருங்க." சங்கமித்ரா அழுதுகொண்டிருந்தாள். "நானும் கேட்டேன் கா. வந்துருங்க."

இளவேனிலுக்குத் தெரியும். அந்தத் துளையில் என்ன கிருமி இருக்கிறது என்பது இந்த ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. கையுறை இல்லாமல் தொடக்கூடாது. முகத்தை அருகில் கொண்டுபோகக்கூடாது. நாளைக்கு சிமெண்ட்.

நாளைக்கு சிமெண்ட் ஊற்றுவார்கள். அவன் மேல்.

மார்பில் சுருக்கென்று வலித்தது. பால் வற்றி எவ்வளவோ காலம். ரவிக்கை நனைந்தது. சூடாக. ஒரு சொட்டு தொட்டியில் விழுந்து, எவர்சில்வரில் வெள்ளையாக வழுக்கி, துளைக்குள் இறங்கியது.

கீழே சத்தம் நின்றது.

பிறகு விழுங்கியது.

குச்சி கையிலிருந்து நழுவியது. பின்னால் சங்கமித்ரா ஓடுகிற காலடி. தூரத்தில் ஒரு கதவு அடித்துக்கொண்டது. இளவேனில் ரவிக்கையின் ஊக்கைக் கழற்றினாள். குளிர்ந்த விளிம்பில் நெஞ்சை அழுத்திச் சாய்ந்து, துளைமேல் கவிந்துகொண்டாள்.

ஈறு மட்டுமே உள்ள வாய். ஜில்லென்று. இறுகப் பற்றியது.

வலித்தது. அவள் விலகவில்லை. "மெதுவா," என்றாள். "மெதுவாடா." ஒரு கை தொட்டியின் அடிப்பக்கம் போய், ஈரம் கசியும் குழாயைத் தடவி, தட்டிக்கொடுக்கத் தொடங்கியது.